முந்நூற்றுப் பன்னிரண்டரைப் பேர்

1738ஆம் ஆண்டு ஹைன்ரிஷ் கெப்பெல என்ற ஜெர்மானிய இளைஞர் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து பிலடெல்பியாவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் அந்த ஊரின் பெரிய வணிகர்களில் ஒருவரானவர். அந்தப் பயணத்தைப் பற்றித் தன் குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தது ரொம்பக் கொஞ்சம். கப்பலில் ஏறியவர்கள் 312½ பேர். வழியில் செத்துப்போனவர்கள் 250. கரையிறங்கிய பிறகு செத்தவர்கள் இதில் சேர்த்தி இல்லை.

முதல் தடவை படிக்கும்போது 250இல்தான் கண் நிற்கும். இரண்டாவது தடவை படிக்கும்போது அந்த அரை உறுத்த ஆரம்பிக்கும். அது என்ன அரை ஆள்?

அது அச்சுப் பிழை கிடையாது. ராட்டர்டாம் வணிகர்கள் மனிதர்களைத் தலைக்கணக்கில் எண்ணவில்லை, சரக்குக் கட்டணக் கணக்கில் எண்ணினார்கள். முழுக் கட்டணம் கட்ட வேண்டியவர் ஒன்று. சிறு பிள்ளை அரை. கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. வயது எல்லை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பொதுவாக நாலு, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், அதற்கு மேல் பத்து வரைக்கும், சிலதில் பதினாலு வரைக்கும், பாதி. அப்படியென்றால் கெப்பெலவின் கப்பலில் உண்மையில் எத்தனை உயிர் இருந்தது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 312½ என்பது வரவேண்டிய பணம்.

ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குப் போன கதையை நமக்குப் பெரும்பாலும் கடல் கதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாய்மரம், புயல், பிரார்த்தனை, கடைசியில் கரை. நான் படித்த வரைக்கும், அந்த மக்களைப் புயல் கொன்றதைவிட இந்த அரைக் கணக்கு கொன்றதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. கடல் ஆபத்தானதுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரே கடலில் ஒரு கப்பல் எல்லாரையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது, இன்னொன்று பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போகிறது என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த மேஃப்ளவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1620. 102 பயணிகள், 66 நாள். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்தது. ஜான் ஹௌலண்ட் என்பவர் அலையடித்துக் கடலில் விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார். பயணிகளில் வழியில் இறந்தவர் ஒரே ஒருவர். கரையிறங்கிய முதல் குளிர்காலத்தில்தான் ஏறக்குறைய பாதிப் பேர் போனார்கள். அவர்களுக்கும் கடன் இருந்தது, லண்டன் முதலீட்டாளர்களிடம். அதைத் தீர்ப்பதற்கு 1,800 பவுண்டு என்று பேசி முடிக்க அவர்களுக்கு ஆறேழு வருஷம் ஆனது. ஆனாலும் அந்தக் கடன் ஒரு சமூகத்தின் கூட்டுக் கடன். அதைக் காட்டிப் புருஷன் பெண்டாட்டியைத் துறைமுகத்தில் பிரிக்க முடியாது. 1682இல் வில்லியம் பென் வந்த ‘வெல்கம்’ கப்பலில் பெரியம்மை பரவி முப்பது பேர் இறந்தார்கள், சுமார் நூறு பேரில். அது நோயின் வேலை. நான் சொல்ல வருவது இவை இரண்டும் அல்லாத மூன்றாவது வகை. 1720களில் ஆரம்பித்து, 1749க்கும் 1754க்கும் இடையில் உச்சத்துக்குப் போன வியாபாரம். தென்மேற்கு ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியானவர்களை அள்ளிக்கொண்டு வந்து பென்சில்வேனியாவில் இறக்கிய வியாபாரம்.

இதைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிக விரிவான சாட்சி காட்லீப் மிட்டல்பெர்கர் என்ற வாத்தியார். வூர்ட்டெம்பெர்க்காரர், ஆர்கன் வாசிப்பவர். பிலடெல்பியாவில் இருந்த லூத்தரன் சபைக்காக ஹைல்பிரான் நகரில் ஓர் ஆர்கன் செய்யப்பட்டிருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்போடு 1750 மே மாதம் கிளம்பினார். ‘ஆஸ்குட்’ என்ற கப்பலில் சுமார் 400 பேரோடு கடலைக் கடந்தார். நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பி, 1756இல் ஸ்டட்கார்ட்டில் ஒரு சிறு புத்தகம் போட்டார். போகாதீங்க, போகவே போகாதீங்க என்று கையைப் பிடித்து இழுக்கிற மாதிரியான புத்தகம்.

பயணம் கடலில் ஆரம்பிப்பதில்லை என்பதுதான் அவர் முதலில் சொல்கிற விஷயம். ஹைல்பிரானிலிருந்து ஹாலந்துக்குப் போக ரைன் நதியில் இறங்க வேண்டும். வழியில் 36 சுங்கச் சாவடிகள். ரைன் கரையில் யார் யாருக்கெல்லாம் அரை மைல் நிலமும் ஒரு கோட்டையும் இருந்ததோ அவர்களுக்கெல்லாம் ஒரு சாவடி. ஒவ்வொன்றிலும் படகை நிறுத்திச் சோதிப்பார்கள், அதுவும் அதிகாரிகளுக்கு எப்போது வசதியோ அப்போது. நாலு வாரம், ஐந்து வாரம், சில சமயம் ஆறு வாரம் ஆற்றிலேயே போய்விடும். ராட்டர்டாமில் கப்பலுக்காக இன்னும் ஐந்தாறு வாரம். ஊரில் மாட்டையும் நிலத்தையும் விற்றுக் கொண்டுவந்த காசு ரொட்டிக்கும் பீருக்கும் கரைகிறது. கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆள் கடனாளி ஆகிவிடுகிறான்.

இதற்கப்புறம் இன்னொரு நிறுத்தம். ஐரோப்பியச் சரக்கு ஆங்கிலக் குடியேற்றங்களுக்குப் போவதானால் ஓர் ஆங்கிலத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அன்றைய கப்பல் சட்டம். அதனால் இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில் மறுபடியும் காத்திருப்பு, சுங்கத்துக்கு ஒரு தரம், நல்ல காற்றுக்கு ஒரு தரம். அங்கிருந்து கிளம்பினால் காற்று சாதகமாக இருந்தால் ஏழு வாரம், இல்லையென்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். மே மாதம் வீட்டைப் பூட்டியவர்கள் அக்டோபரில் கரையைப் பார்த்தார்கள். அரை வருஷம்.

யார் இவர்களைக் கிளப்பியது? ‘நியூலேண்டர்’ என்று ஒரு வகை ஆட்கள் இருந்தார்கள். புதுநாட்டார் என்று சொல்லலாம். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய்விட்டு ஊர் திரும்பியவர்கள். நல்ல கோட்டு, சட்டைப் பையில் கடிகாரம், வாயைத் திறந்தால் பென்சில்வேனியா. அங்கே போன வேலைக்காரி எஜமானி ஆகிவிட்டாள், கூலிக்காரன் பண்ணையார் ஆகிவிட்டான், இந்தா பார் கடிதம். கடிதம் சில சமயம் நிஜம், சில சமயம் திருத்தி எழுதினது. ராட்டர்டாமில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒவ்வொரு தலைக்கும் வணிகர்கள் அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். தோட்டத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர் யாருக்கும் இந்த ஆளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோட்டும் குடையுமாகக் கிராமத்துக்குள் நடந்து வந்த கங்காணிக்கு நூறு வருஷத்துக்கு மூத்த அண்ணன் இவன்.

கையில் காசு இல்லாதவனைக் கப்பலில் ஏன் ஏற்றினார்கள்? ஏற்றினால்தான் லாபம். இங்கே இரண்டு முறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய ஏழைகள் பலர் கப்பல் ஏறும் முன்பே இத்தனை வருஷம் வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெர்மானியர்களிடம் வேறு ஏற்பாடு. இப்போது ஏறிக்கொள், அங்கே போய்ச் சேர்ந்ததும் சில நாள் தவணை உண்டு, சொந்தக்காரர் யாராவது வந்து கட்டணத்தைக் கட்டினால் நீ சுதந்திரம். யாரும் வரவில்லை என்றால் உன் உழைப்பை விற்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். இவர்களை ‘ரிடெம்ப்ஷனர்’ என்றார்கள், மீட்கப்பட வேண்டியவர்கள். கேட்கும்போது ஆங்கிலேய முறையைவிட இது பரவாயில்லை போல இருக்கும். பணயம் வைத்த நகையை மீட்பது மாதிரி. ஆனால் நகைக்குப் பசிக்காது, நகை சாகாது.

மிட்டல்பெர்கர் சொல்கிற கட்டணம் பத்து வயதுக்கு மேற்பட்டவருக்கு 10 பவுண்டு, அதாவது 60 ஃப்ளோரின். ஐந்திலிருந்து பத்து வயது வரை பாதி. அதற்குக் கீழே இலவசம். ஒரு கப்பலுக்கு 10 பவுண்டு வீதம் எத்தனை முழு ஆள் ஏற்ற முடியுமோ அத்தனை லாபம். அதனால் நெருக்கினார்கள். ஒருவருக்கு இரண்டடி அகலமும் ஆறடி நீளமும்கூடச் சரியாகக் கிடைக்காத படுக்கை. அதே தளத்தில் தண்ணீர்ப் பீப்பாய், தட்டுமுட்டு, ரொட்டி மூட்டை. தாங்களே உலர்த்திக் கொண்டுவந்த பழம், மருந்து, உடுப்பு எல்லாம் வைத்திருந்த மரப்பெட்டிகளையும் சில வணிகர்கள் வேறு கப்பலில் அனுப்பிவிட்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் இன்னும் நாலு ஆளைப் போடலாமே. ஜெர்மன்டவுனில் அச்சகம் நடத்திய கிறிஸ்டோபர் சவுர் 1755இல் ஆளுநருக்கு எழுதிய கடிதங்களில் இந்தப் பெட்டி விவகாரத்தைக் கொட்டித் தீர்க்கிறார். பெட்டியோடு போன உலர்ந்த பழமும் மருந்தும்தான் பலரை உயிரோடு வைத்திருக்கக்கூடிய பொருள்கள்.

கீழ்த்தளத்தில் நடந்ததை மிட்டல்பெர்கர் அடுக்கிக்கொண்டே போகிறார். வாந்தி, பேதி, சொறிக் கரப்பான், ஈறு அழுகல், காய்ச்சல். சுடச்சுடச் சாப்பாடு வாரத்துக்கு மூன்று தடவை, அதுவும் கொஞ்சம். தண்ணீர் கறுத்து, கெட்டியாகி, புழு நெளிந்தது. கடைசி வாரங்களில் கையில் கிடைத்த கப்பல் ரொட்டியில் சிவப்புப் புழுவும் சிலந்திக் கூடும். பேனைக் கையால் எடுக்க முடியாது, உடம்பிலிருந்து வழித்துப் போட வேண்டும். இதைப் படிக்கும்போது அருவருப்பில் நின்றுவிடுகிறோம். ஆனால் கப்பல் காய்ச்சல் என்று அன்றைக்குச் சொன்னது பெரும்பாலும் டைஃபஸ், அதைப் பரப்புவது உடம்பில் ஊரும் பேன். இது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. அவர் அருவருப்பாக எழுதியது உண்மையில் மரண காரணம்.

புயல் வீசிய ஒருநாள் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை, பிள்ளை பெற முடியாத நிலையில், கப்பலின் பக்கத் துவாரம் வழியாகக் கடலில் தள்ளிவிட்டார்கள் என்கிறார். அவள் இருந்த பின்பகுதியிலிருந்து முன்னே கொண்டுவர முடியவில்லையாம். காரணம் அவ்வளவுதான். ஒன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள் இந்தப் பயணத்தைத் தாண்டுவது அபூர்வம் என்று எழுதுகிறார். தன் கப்பலிலிருந்து மட்டும் 32 பிள்ளைகளைக் கடலில் போட்டதைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார். அந்த 32 பேரும் வணிகருடைய கணக்கில் பாதியும் பூஜ்யமுமாக இருந்தவர்கள்.

ஆக மோசமான கப்பல்கள் இன்னும் இருக்கின்றன. ‘லவ் அண்ட் யூனிட்டி’ என்று ஒன்று. அன்பும் ஒற்றுமையும்! 1731இல் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்டு, பிலடெல்பியாவுக்குப் போக வேண்டியது, மாதக்கணக்காகக் கடலில் அலைந்து கடைசியில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒதுங்கியது. சுமார் 150 பேரில் நூறு பேருக்கு மேல் பட்டினியால் போய்விட்டார்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் விலை வைத்து விற்றார்கள் என்று பிழைத்தவர்கள் எழுதிய கடிதம் சொல்கிறது. பட்டினி கிடக்கும் கப்பலில்கூடக் கடை திறந்திருந்தது என்பதுதான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது.

இனிக் கணக்கின் மிக விசித்திரமான விதிக்கு வருகிறேன். பாதி வழிக்கு முன் ஒருவர் இறந்தால் ஒரு கதை, பாதி வழி தாண்டி இறந்தால் வேறு கதை. பாதி தாண்டிய பிறகு புருஷன் செத்தால் அவனுடைய முழுக் கட்டணமும் மனைவி தலையில். அவள் தனக்காகவும் செத்தவனுக்காகவும் சேர்த்து உழைக்க வேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டால், பிள்ளைகள் தங்கள் கட்டணத்தோடு பெற்றவர்கள் கட்டணத்துக்கும் பொறுப்பு, 21 வயது வரைக்கும் ஊழியம். கடலில் போட்ட உடம்பு மூழ்கிவிடும், அதன் பெயரில் இருந்த பற்று மட்டும் கரைக்கு வந்து சேரும்.

இதனால் கப்பல்காரனுக்கு என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அடிமை வணிகனுக்கு ஒரு ஆள் செத்தால் நஷ்டம், அவன் அதைக் கணக்கில் வைத்தே ஏற்றினான். இங்கே பாதி வழிக்கு மேல் செத்தவனின் கடன் குடும்பத்தில் இன்னொருவர் மேல் ஏறிவிடுகிறது. தண்ணீரை நன்றாக வைத்திருக்கவும் ரொட்டியைக் கூட்டிக் கொடுக்கவும் கப்பல்காரனுக்கு இருந்த ஒரே சுயநலக் காரணத்தையும் அந்த விதி பாதியாகக் குறைத்துவிட்டது. எல்லாக் கப்பல் தலைவர்களும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடியவனாக இல்லாதவனும் அதையே செய்ய அந்த ஏற்பாடு இடம் கொடுத்தது.

கரை தெரிந்ததும் எல்லாரும் மேல்தளத்துக்குத் தவழ்ந்து வந்து அழுது, பாடி, கடவுளுக்கு நன்றி சொன்னார்களாம். ஆனால் யாரும் இறங்க முடியாது. கட்டணத்தைக் கட்டியவன் இறங்கலாம், ஜாமீன் உள்ளவன் இறங்கலாம், மற்றவர்கள் கப்பலிலேயே. பிலடெல்பியாவிலிருந்தும் சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்தும் ஆட்கள் கப்பலுக்கே வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு வருஷம். பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 21 வயது ஆகும்வரை. திடமானவர்கள் முதலில் போனார்கள். நோயாளிகளை யாரும் வாங்கவில்லை, அவர்கள் இரண்டு மூன்று வாரம் கப்பலிலேயே கிடந்து பலர் அங்கேயே இறந்தார்கள். துறைமுகத்துக்கு நூறு கஜத்தில். தாய் தகப்பன் பிள்ளைகளை விற்றுத் தங்கள் கடனை அடைத்தார்கள், பிள்ளை யாரிடம் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடத் தெரியாமல். சில குடும்பங்கள் அதற்கப்புறம் சாகும்வரை சந்திக்கவில்லை.

இப்போது ஒரு குறுக்குக் கேள்வி. மிட்டல்பெர்கரை எந்த அளவுக்கு நம்பலாம்? அவர் தன் புத்தகத்தை வூர்ட்டெம்பெர்க் பிரபுவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். குடிகள் ஊரைவிட்டுப் போவதை எந்தப் பிரபுவும் விரும்பமாட்டார். ஆகவே இது ஆட்களைத் தடுப்பதற்கான பிரசாரம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். பொருளாதார வரலாற்றாளர் ஃபார்லி கிரப், 1727 முதல் 1805 வரை பிலடெல்பியா வந்த ஜெர்மானியர்களில் பயணத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலுக்கும் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார், பிள்ளைகளிடையே விகிதம் இதைவிடத் தெளிவாகக் கூடுதல். நாலு விழுக்காடு என்பது மிட்டல்பெர்கர் காட்டும் நரகம் மாதிரி இல்லையே என்று தோன்றலாம்.

நான் இரண்டையும் நம்புகிறேன். சராசரி என்பது எல்லாக் கப்பலையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி எடுப்பது. 1738இல் கெப்பெலவின் கப்பலையும், அடுத்த வருஷம் யாரும் சாகாமல் வந்த ஒரு கப்பலையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணில் யாரும் பயணம் செய்யவில்லை. ஏறுகிறவனுக்கு எது தன் கப்பல் என்று தெரியாது. வணிகருக்கோ பல கப்பல், பல வருஷம். சராசரி அவருக்குத்தான் பொருந்தும்.

ஆவணங்களே எப்படிப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். 1727இலிருந்து பென்சில்வேனியா அரசு, வந்திறங்கும் ஜெர்மானியர்களை மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவைத்துக் கையெழுத்து வாங்கியது. அந்தப் பட்டியல்கள் 1934இல் அச்சாகியிருக்கின்றன, தங்கள் மூதாதையைத் தேடும் அமெரிக்கர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டும். நடக்க முடிந்தவர்கள் மட்டும், நோயாளிகள் கப்பலில் கிடக்கிறார்கள். எழுதத் தெரியாதவன் ஒரு குறி போட, ஆங்கில எழுத்தர் தன் காதில் விழுந்ததைப் பெயராக எழுதினார். ம்யூலர் மில்லரானார். தாத்தாவின் பெயரை எந்தக் கிராணியோ எழுதியபடி இன்றைக்கும் அடையாள அட்டையில் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு இது புதுசில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளையரும் அடிமைகளாகத்தான் வந்தார்கள், ஆகவே ஆப்பிரிக்கர்கள் அதிகம் புலம்ப வேண்டாம் என்று சமூக ஊடகத்தில் ஒரு கும்பல் இந்த வரலாற்றைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. அது பொய். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர். அவர்களில் பதினெட்டு லட்சம் பேர் போல கரையைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்குத் தவணை முடியும் நாள் என்று ஒன்று கிடையாது, அவர்கள் பிள்ளைகளும் பிறப்பிலேயே அடிமைகள். ரிடெம்ப்ஷனருக்கு ஒப்பந்தம் முடிந்தால் புது உடுப்பு ஒரு ஜோடி, எழுதி வாங்கியிருந்தால் ஒரு குதிரையோ மாடோ. அதற்கப்புறம் நிலம், சிலருக்கு அடிமை. இரண்டு துயரத்தையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் கடனாகக் கொடுத்த பயணச் செலவில் ஆளைக் கட்டிப்போட்ட மற்ற ஏற்பாடுகளோடு ஒப்பிடலாம். இலங்கையில் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய ‘துண்டு’, மலாயாவில் 1910 வரை நீடித்த ஒப்பந்தக் கூலி முறை. எல்லாவற்றிலும் பயணம் என்பது செலவாக எழுதப்பட்டு, ஆள் அதற்கு ஈடாக வைக்கப்பட்டான்.

தமிழோடு இதற்கு நேரடியான ஒரு நூலிழையும் உண்டு. மிட்டல்பெர்கர் பென்சில்வேனியாவில் பாடம் சொல்லி ஆர்கன் வாசித்தது பிராவிடன்ஸ் என்ற ஊரில், இன்றைய ட்ராப். அங்கே போதகராக இருந்தவர் ஹைன்ரிஷ் மெல்கியோர் மூலன்பெர்க். அவரை 1742இல் அனுப்பிவைத்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்து பக்தி இயக்க மையம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஹாலே அதுதான். முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடிப்பதற்காகத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அதே ஹாலே. அங்கிருந்த அனாதை இல்லத்து அச்சகத்தில் ஒரு பக்கம் தரங்கம்பாடிக் கடிதங்கள் அச்சாயின, இன்னொரு பக்கம் பென்சில்வேனியாக் கடிதங்கள். சோழமண்டலக் கரையின் சாதி வழக்கங்களையும் பிலடெல்பியாத் துறைமுகத்தின் ஆள் விற்பனையையும் ஒரே அச்சகத்தின் மை மணத்தில் ஐரோப்பியப் பக்தர்கள் படித்தார்கள். நியூலேண்டர்கள் எப்படி ஆள் பிடிக்கிறார்கள், கப்பலில் எப்படி விற்பனை நடக்கிறது என்று மூலன்பெர்க்கும் விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறார். பிரபுவிடம் ஆதாயம் எதிர்பார்க்காத இரண்டாவது சாட்சி என்பதால் அவர் முக்கியம்.

சட்டம் வராமல் இல்லை. 1750 ஜனவரியில் பென்சில்வேனியா சட்டசபை ஒன்றைப் போட்டது. ஒரு முழுக் கட்டணத்துக்கு ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இடம் தர வேண்டும். மிட்டல்பெர்கர் புலம்பிய இரண்டடியைவிட இது குறைவு என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஓர் இடம், சட்டத்திலும் அரை அரைதான். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீளத்தையும் அகலத்தையும் மட்டும் சொல்லி உயரத்தை விட்டுவிட்டால் வணிகர் என்ன செய்வார்? தட்டுக்கு மேல் தட்டு அடுக்குவார். அந்த உயரத்தைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு 1765 வரைக்கும் ஆனது. அதுவும் தானாக வரவில்லை. 1764 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிலடெல்பியாவின் லூத்தரன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மானியர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பென்சில்வேனியா ஜெர்மன் சங்கம், இன்றைக்கும் இருக்கிறது. முதல் தலைவர், 312½ என்று எழுதிவைத்த அதே கெப்பெல. கப்பலை மறக்காமல் இருக்க அவருக்கு 26 வருஷம் பிடிமானமாக இருந்தது அந்த அரை எண்ணோ என்னவோ, நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

எழுத்தாளர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பிள்ளையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் முந்தைய காலம். 1710இல் இங்கிலாந்து அரசு, போரிலும் குளிரிலும் நொந்து வந்த பாலட்டினேட் அகதிகள் ஏறக்குறைய 3,000 பேரை நியூயார்க்குக்கு அனுப்பியது. அங்கே பைன் மரத்திலிருந்து கடற்படைக்குத் தார் எடுத்துப் பயணச் செலவைக் கழிக்க வேண்டும். கிளம்பும் முன்பே மாதக்கணக்கில் கப்பலுக்குள் அடைந்து கிடந்து, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். செத்தவர்களில் ஒருவருடைய மகன் ஜான் பீட்டர் சென்கர், 13 வயது. தகப்பன் இல்லாத பிள்ளைகளை நிர்வாகம் அங்கங்கே தொழில் ஒப்பந்தத்தில் கட்டிவிட்டது. சென்கரை வில்லியம் பிராட்ஃபோர்டு என்ற அச்சகக்காரரிடம் எட்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பையன் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டான். 1733இல் ஆளுநரைத் தாக்கி எழுதும் பத்திரிகை ஒன்றைச் சொந்தமாக அச்சடித்தான், பழைய முதலாளி ஆளுநர் பக்கத்துப் பத்திரிகையை அச்சடித்துக்கொண்டிருந்தபோது. அரசத் துரோக அவதூறு என்று பிடித்து உள்ளே போட்டார்கள். 1735இல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திரத்தின் கதையை எழுதுகிறவர்கள் ஆரம்பிக்கும் வழக்கு அது.

மறுபடியும் ஆஸ்குட்டின் பட்டியலுக்கு. மிட்டல்பெர்கர் தான் கரையிறங்கிய நாள் 1750 அக்டோபர் 10 என்கிறார். பிலடெல்பியாவின் உறுதிமொழிப் பட்டியல் அந்தக் கப்பலுக்கு செப்டம்பர் 29 என்று தேதி போட்டிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஜெர்மானியர் புது நாட்காட்டியில் வாழ்ந்தார்கள், ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை, இடையில் 11 நாள் வித்தியாசம். இரண்டும் ஒரே நாள்தான். அன்றைக்கு 16 வயதைத் தாண்டி, எழுந்து நிற்க முடிந்த ஆண்கள் வரிசையில் போய்க் கையெழுத்தோ குறியோ போட்டார்கள். ஆர்கனும் பத்திரமாக இறங்கியது. வாத்தியார் எண்ணிவைத்திருந்த 32 பிள்ளைகளைப் பதிவதற்கு அந்தப் பட்டியலில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.